கல்லின் பாட்டைக் கேட்டவள்

பனி மலைபோலக் கிடக்கிறது. காட்டெருமைகள் கண்ணில் பட்டுப் பல நாளாகிவிட்டது. முகாமில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் பசி. ஒரு பெண் விறகு பொறுக்கப் போகிறாள். தண்ணீர் மொள்ளப் போனாள் என்று சொல்பவர்களும் உண்டு. போகிற வழியில் யாரோ பாடுவது கேட்கிறது. சுற்றுமுற்றும் பார்த்தால் ஆளே இல்லை. கடைசியில் ஒரு மரத்தின் பிளவில், கொஞ்சம் எருமை மயிருக்கு நடுவே, கைக்குள் அடங்கும் ஒரு சிறு கல்லைக் காண்கிறாள். பாடுவது அதுதான். என்னை எடுத்துக்கொள், எனக்குச் சக்தி இருக்கிறது என்கிறது கல். பாட்டையும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அவள் அதை முகாமுக்குக் கொண்டுவந்து மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறாள். எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். எருமைகள் வருகின்றன.

அந்தக் கல்லுக்குப் பெயர் இனிஸ்கிம், அதாவது எருமைக் கல். பெரும்பாலும் அது பழங்காலக் கடல் உயிரிகளின் புதைபடிவமாக இருக்கும். ஆல்பர்ட்டாவின் ஆற்றங்கரைகளில் இன்றும் கிடைக்கிறது. பிளாக்ஃபுட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். பசித்தவளும் வென்றவளும் ஒரே பெண். வென்ற பிறகு அவளுக்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை. முகாம் முழுக்கச் சாப்பிட்டது, அவளும் சாப்பிட்டாள்.

பெண்கள் தங்கள் சோதனையையும் சாதனையையும் பகிர்ந்துகொள்வதால் வலிமை பெறுகிறார்கள் என்று இன்று எல்லா நாட்டிலும் பேசுகிறார்கள். கூட்டம் போடுகிறார்கள், மேடை ஏற்றுகிறார்கள். பிளாக்ஃபுட் பெண்களைப் பற்றி அப்படிப் பேசும்போது ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அவர்களுக்குக் கதை சொல்வது புதிதாக யாரோ கொண்டுவந்து கொடுத்த மருந்தில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். இப்போது நடப்பது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலை.

முதலில் யார் இவர்கள் என்று பார்த்துவிடலாம். 'செவ்விந்தியர்' என்று தமிழில் நாம் நூற்றுக்கணக்கான இனங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பிளாக்ஃபுட் என்பது தனி மொழி, தனி நிலம், தனி வரலாறு உள்ள ஒரு கூட்டமைப்பு. தங்களை அவர்கள் நிட்சிடாப்பி, உண்மையான மனிதர்கள், என்று சொல்லிக்கொள்வார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் சிக்சிகா, கைனாய், பீகானி என மூன்று பிரிவினர். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மொன்டானாவில் தெற்குப் பீகானிகள். பிளாக்ஃபீட் என்பது அங்கே வழங்கும் பெயர். நடுவில் கோடு போட்டது இரண்டு அரசுகள். இரண்டு பக்கமும் சொந்தபந்தம்தான். பழங்குடிகள் வாழ அரசு ஒதுக்கிய நிலங்களில், கைனாய் ஒதுக்கீட்டு நிலம்தான் பரப்பளவில் கனடாவிலேயே பெரியது. கனடாப் பக்கத்தினர் 1877-இல் பிளாக்ஃபுட் கிராசிங் என்ற ஆற்றுத்துறையில் கனடா அரசோடு ஏழாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

பழைய வாழ்க்கையில் கூடாரம் பெண்ணுடையது. தோலைப் பதப்படுத்துவது, தைப்பது, கம்புகளை நட்டு நிறுத்துவது, கழற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் பொறுப்பு; சொத்தும் அவளுடையது. 1939-இல் பீகானிகளிடம் களஆய்வுக்குப் போன ஆஸ்கர் லூயிஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர், அங்கே 'ஆண் நெஞ்சுக்காரிகள்' என்று ஒரு வகைப் பெண்களைக் கண்டு 1941-இல் கட்டுரை எழுதினார். நடுவயதைத் தாண்டியவர்கள், மணமானவர்கள், கையில் செல்வம் உள்ளவர்கள், சபையில் வாய்விட்டுப் பேசுபவர்கள், சடங்குகளில் முன்னால் நிற்பவர்கள். துணிச்சல் என்றாலே ஆணுடையது என்ற நினைப்பு அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட பெண்களுக்கென்று ஒரு சொல்லே வைத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஓடும் கழுகு என்று போர்வீரர்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்ட பெயரைப் பெற்ற பீட்டாமாக்கான் என்ற பெண்ணின் கதை இன்றும் வழங்குகிறது. மொன்டானாவின் கிளேஷியர் தேசியப் பூங்காவில் ஓர் அருவி அவள் பெயரில் இருக்கிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது போர் இல்லை, சடங்குதான். பிளாக்ஃபுட் மக்களின் மிகப் பெரிய சடங்கு ஓக்கான் எனப்படும் சூரிய நடனம். அதை நடத்துவதாக நேர்ந்துகொள்பவள் ஒரு பெண். வீட்டில் யாருக்காவது உயிர் போகும் நிலை வந்தால், பிழைத்துவிட்டால் ஓக்கான் நடத்துகிறேன் என்று சூரியனிடம் வேண்டிக்கொள்வாள். விரதம் இருந்து, நடோவாஸ் என்னும் தலையணியை அணிந்து சடங்கை அவள்தான் முன்னின்று நடத்துவாள். சடங்குக்கான எருமை நாக்குகளை அறுத்துப் பதப்படுத்த முன்வரும் பெண்கள், சபை நடுவே சூரியனைச் சாட்சியாக வைத்துத் தங்கள் நேர்மையைச் சொல்ல வேண்டும். யார் தன்னிடம் தப்பாக நடக்கப் பார்த்தான், தான் எப்படி மறுத்தேன் என்பதைக்கூட வெளிப்படையாகச் சொல்வார்கள். பொய் சொன்னால் கேடு வரும் என்பது நம்பிக்கை. கற்பை அளவுகோலாக வைத்திருப்பது இன்றைய கண்ணுக்கு உறுத்தலாம், எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைத் தன் வாயால் ஊருக்கு முன் சொல்வதும், ஊர் வாயை மூடிக்கொண்டு கேட்பதும் அங்கே ஒரு முறையாகவே இருந்திருக்கிறது.

நடோவாஸ் எப்படி வந்தது என்பதற்கும் கதை உண்டு. இறகுப் பெண் என்பவள் விடிவெள்ளியை மணந்து வானத்தில் வாழப் போகிறாள். எல்லாக் கிழங்கையும் தோண்டலாம், அந்தப் பெரிய கிழங்கை மட்டும் தோண்டாதே என்கிறார்கள். அவள் தோண்டிவிடுகிறாள். அடியில் ஒரு ஓட்டை. எட்டிப் பார்த்தால் கீழே அவள் சொந்த ஊர்: கூடாரங்கள், விளையாடும் பிள்ளைகள், வேலை செய்யும் பெண்கள். வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது. சொல் கேட்காததால் குழந்தையோடு கீழே அனுப்பப்படுகிறாள். வரும்போது தலையணியும் கிழங்கு தோண்டும் கழியும் கூடவே வருகின்றன. அவளைத் தப்புச் செய்ய வைத்த அதே கழி பிறகு புனிதப் பொருளாகிறது. தோற்றவளின் கதையை மறைத்துவிட்டு ஜெயித்தவளின் கதையை மட்டும் சொல்லும் பழக்கம் இவர்களிடம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கதை இவர்களிடம் ஒரு சொத்தும்கூட. புனிதப் பொருள்கள் அடங்கிய மூட்டை ஒன்றை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும்போது, அதோடு பாட்டும் கதையும் சொல்லும் உரிமையும் சேர்ந்து மாறும். உரிமை வாங்கியவர் சொல்லலாம். மற்றவர் சொல்லக் கூடாது. கைனாய் பெண்களுக்கென்றே மோட்டோகிக்ஸ் என்ற எருமைப் பெண்கள் சங்கம் இருக்கிறது. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு முறைப்படி ஒப்படைத்து ஒப்படைத்துத்தான் அது பிழைத்து வந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் எப்படி அறுந்தது?

1870 ஜனவரி 23 காலை. மொன்டானாவின் மரையாஸ் ஆற்றங்கரையில் ஹெவி ரன்னர் என்ற தலைவரின் முகாமை அமெரிக்க ராணுவ மேஜர் யூஜின் பேக்கரின் படை சுட்டுத் தள்ளியது. முகாமில் அப்போது அம்மை. செத்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். பெரும்பாலானோர் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அப்புறம் எருமைகள் அழிந்தன. 1883-84 குளிர்காலத்தில் அரசு தருவதாகச் சொன்ன உணவும் போதாமல், தெற்குப் பீகானிகளில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அவர்களைப் புதைத்த மேட்டுக்குப் பேய் மேடு என்று பெயர். இந்த மேட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாப் பக்கம் துப்பாக்கிக்குப் பதில் சட்டம் வந்தது. 1876-இன் இந்தியர் சட்டப்படி, பழங்குடி அல்லாதவரை மணந்த பெண் தன் பழங்குடித் தகுதியை, அதாவது பழங்குடி என்று சட்டம் தரும் அங்கீகாரத்தை, இழந்தாள். ஆணுக்கு அந்தத் தண்டனை கிடையாது. அவனை மணந்த வெள்ளைக்காரிக்குக்கூடப் பழங்குடித் தகுதி கிடைத்தது. 1985-இல்தான் இதைத் திருத்தத் தொடங்கினார்கள். தகுதி போனவள் ஒதுக்கீட்டு நிலத்தில் குடியிருக்க முடியாது. பாட்டியின் கூடாரத்தில் பேத்தி உட்கார்ந்து கேட்கும் சங்கிலி அங்கேயே அறுகிறது. 1895-இல் சூரிய நடனத்தின் முக்கியப் பகுதிகள் குற்றமாக்கப்பட்டன. 1951 வரை அந்தத் தடை இருந்தது. ஊர்ச் சபைத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போடும் உரிமை வந்ததும் அதே 1951-இல்தான். ஓக்கானை முன்னின்று நடத்திய பெண்களின் பேத்திகள், உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போட அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கூடவே விடுதிப் பள்ளிகள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய், முடியை வெட்டி, தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். கைனாய் நிலத்தில் இருந்த செயின்ட் மேரி பள்ளிக் கட்டடத்தில் பின்னாளில் அந்த மக்களே ரெட் குரோ கல்லூரியை நடத்தினார்கள். வேண்டாத நினைவுகள் சுமந்த சுவர்களுக்குள்ளேயே பிளாக்ஃபுட் மொழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2015 ஆகஸ்டில் அந்தக் கட்டடம் தீப்பற்றி எரிந்துபோனது.

அறுந்த சங்கிலியை முடிச்சுப் போட்டவர்களில் பெவர்லி ஹங்கிரி உல்ஃப் என்ற கைனாய் பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. விடுதிப் பள்ளியில் படித்து வளர்ந்தவர். பிறகு அம்மாவிடமும் ஊர்க் கிழவிகளிடமும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதி, 1980-இல் பாட்டிமார்களின் வழிகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர்கள் மரபில் முன்பு வாழ்ந்த வயதான பெண்கள் எல்லோருமே பாட்டிகள்தான். அதில் வீரக் கதைகளோடு தோல் பதப்படுத்தும் முறையும் சமையல் குறிப்பும் கலந்தே இருக்கும். சாதனை என்று நாம் தனியாக ஒரு அலமாரியில் வைப்பதை அவர் அன்றாட வேலையிலிருந்து பிரிக்கவே இல்லை. அந்தக் கலப்புத்தான் எனக்குப் பிடித்தது.

2000-ஆம் ஆண்டு கால்கரியின் கிளென்போ அருங்காட்சியகம் 251 புனிதப் பொருள்களை பிளாக்ஃபுட் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஆல்பர்ட்டா அரசு அதற்கென்றே சட்டமும் இயற்றியது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மூட்டைகள் வெளியே வந்தபோது, அவற்றோடு ஒட்டிய பாட்டுகளையும் கதைகளையும் அறிந்த முதியவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப்போயிருந்தால் பொருள் வந்திருக்கும், கதை வந்திருக்காது.

இப்போது பேய் மேட்டுக்குத் திரும்புவோம். அதைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் எலுவீஸ் கொபெல். 1945-இல் மொன்டானாவின் பிளாக்ஃபீட் நிலத்தில் பிறந்தார்; பழைய தலைவர் மவுண்டன் சீஃபின் கொள்ளுப்பேத்தி. வீட்டில் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது. பெரியவர்கள் பேசிக்கொள்வது காதில் விழும்: நிலம் நம்முடையது, அதில் மாடு மேய்க்கிறார்கள், எண்ணெய் எடுக்கிறார்கள், குத்தகைப் பணத்தை அரசாங்கம் வாங்கி வைத்திருக்கிறது, நமக்கு ஏன் வரவில்லை? வந்தாலும் ஏன் இவ்வளவு குறைவு? யாரிடமும் பதில் இல்லை. அது வீட்டுக்கு வீடு நடந்த புலம்பல்.

பின்னணி இதுதான். 1887-இன் டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டு போட்டுத் தனித்தனி ஆளுக்குக் கொடுக்க வழிசெய்தது. நிலம் அவர்கள் பெயரில். நிர்வாகமும் வரவு செலவும் அரசின் கையில், அறக்கட்டளைக் கணக்கில். ஒருவர் செத்தால் பிள்ளைகளுக்குப் பங்கு, அவர்கள் செத்தால் பேரப்பிள்ளைகளுக்கு. துண்டு துண்டாகி ஒரே வயலுக்கு நூற்றுக்கணக்கானோர் பங்குதாரர் ஆனார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் ஒழுங்காக இல்லை.

கொபெல் கணக்குப் படித்தவர். பழங்குடி அரசின் பொருளாளராகச் சேர்ந்து ஏடுகளைப் புரட்டப் புரட்ட, கிழவர்களின் புலம்பல் பொய்யில்லை என்று தெரிந்தது. அதிகாரிகளைக் கேட்டால், உனக்குக் கணக்கு அறிக்கை படிக்கத் தெரியவில்லை என்ற தோரணையில் பதில். படிக்கத் தெரிந்ததுதான் அவர்களுக்குப் பிரச்சினை ஆனது! இதற்கிடையே பிளாக்ஃபீட் நிலத்தின் முக்கிய ஊரான பிரௌனிங்கில் இருந்த ஒரே வங்கியும் மூடிப்போக, 1987-இல் பிளாக்ஃபீட் தேசிய வங்கியை அமைத்ததில் முன்நின்றார். பழங்குடி நிலத்தில் பழங்குடியே நடத்தும் முதல் தேசிய வங்கி அது. 1996 ஜூன் 10 அன்று அமெரிக்க அரசின் மீதே வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு மெக்கார்தர் அறக்கட்டளை அவருக்குக் கொடுத்த பரிசுப் பணத்தின் பெரும் பகுதி வழக்குக்கே போனது.

வழக்கு 13 ஆண்டுக்கு மேல் இழுத்தது. ஆவணங்களைத் தராததற்காக 1999-இல் இரண்டு அமைச்சர்கள் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று நீதிபதி அறிவித்தார். 2009 டிசம்பரில் 340 கோடி டாலருக்கு உடன்பாடு. 2010 டிசம்பர் 8 அன்று ஒபாமா அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். கணக்குக் கேட்டவர்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் வந்தது; நிலக் கணக்கு உள்ளவர்களுக்கு அதற்கு மேலும் வந்தது. நூறாண்டுக் கொள்ளைக்கு இது ரொம்பக் குறைவு என்று பழங்குடிகளிலேயே பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. கொபெலுக்கும் அது தெரியாமலில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் வயதானவர்கள் பணத்தைப் பார்க்காமலே செத்துக்கொண்டிருந்தார்கள். அவரே 2011 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். காசோலைகள் வந்து சேர்ந்தது 2012-இன் கடைசியில்.

இதைத்தான் பெண் வலிமை பெற்ற கதை என்று சொல்வேன். ஆனால் வழக்கமாக மேடையில் சொல்லும் விதத்தில் இல்லை. ஒரு பெண் முன்னேறினாள் என்பதல்ல இங்கே விஷயம். வீட்டுத் திண்ணையில் கிடந்த ஒரு முறையீட்டை ஒருத்தி காது கொடுத்துக் கேட்டாள், அதை நீதிமன்றம் மறுக்க முடியாத எண்ணாக மாற்றினாள். மரப் பிளவில் கல் பாடியதைக் கேட்டவளும் அதையேதான் செய்தாள்.

கேட்பதும் சொல்வதும் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவில் காணாமல்போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்களுக்கான தேசிய விசாரணைக் குழு 2016 முதல் 2019 வரை நாடு முழுக்கப் போய்க் கேட்டது. 2,300-க்கும் மேற்பட்டோர் அதில் பங்கெடுத்தார்கள். அறிக்கை 231 நடவடிக்கைகளைக் கோரியது. அழுது அழுது சொன்னவர்களுக்கு, அதன் பிறகு நடப்பதெல்லாம் போதாது என்ற மனக்குறை இருக்கிறது. ஓக்கான் சபையில் கேட்டவர்களுக்கு ஒரு கடமை இருந்தது. விசாரணைக் குழுவின் முன் கேட்ட அரசுக்கு அதே கடமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மொன்டானா பக்கமும் இதே துயரம். பிரௌனிங்கில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் பெண் பிள்ளைகள் கையுறை மாட்டிப் பயிற்சி எடுக்கிறார்கள். பதக்கத்துக்காக மட்டும் அல்ல, உயிரோடு வீடு திரும்பவும்தான்.

கைனாய் நிலத்தில் 2014-15 வாக்கில் ஃபெண்டனில் என்ற போதை மருந்தால் சாவு மேல் சாவு. எஸ்தர் டெயில்ஃபெதர்ஸ் அங்கே வேலை பார்த்த மருத்துவர், அந்த ஊர்ப் பெண்ணே. போதை மருந்து உயிரைப் பறிக்காமல் முறிக்கும் மருந்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கவும், அடிமைப்பட்டவர்களை விரட்டாமல் படிப்படியாக மீட்கவும் வாதாடியவர்களில் ஒருவர். அவர் மகள் எல்லே மைய்யா இதை ஆவணப்படமாக எடுத்து 2021-இல் வெளியிட்டார். அதற்கு வைத்த பெயர் ஒரு பிளாக்ஃபுட் சொல்: பரிவு என்று பொருள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு பழைய கதை நிற்கிறது. உலகம் உண்டானபோது கிழவன் நாப்பியும் கிழவியும் எல்லாவற்றையும் பேசித் தீர்மானித்தார்கள். முதல் பேச்சு எனக்கு என்றான் அவன். சரி, கடைசிப் பேச்சு எனக்கு என்றாள் அவள். மனிதர்கள் சாக வேண்டுமா என்று வந்தது. காய்ந்த சாணியைத் தண்ணீரில் போடுகிறேன், மிதந்தால் செத்தவர் நாலாம் நாள் எழுந்துவிடட்டும் என்றான். அவள் கல்லைப் போட்டாள், மூழ்கியது. செத்தவர் செத்தவர்தான், அப்போதுதான் ஒருவருக்கொருவர் இரக்கப்படுவார்கள் என்றாள். கொஞ்ச நாளில் அவள் மகள் செத்துப்போனாள். மாற்றிவிடலாமா என்று ஓடி வந்தாள். முடியாது, நீ சொன்னதுதான் என்றான் நாப்பி. நாப்பி கதைகளைக் குளிர்காலத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நான் அதை மீறித்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் லில்லி கிளாட்ஸ்டோன் கோல்டன் குளோப் மேடையில் சிறந்த நடிகை விருதை வாங்கினார். பழங்குடிப் பெண் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. பிளாக்ஃபீட் நிலத்தில் வளர்ந்தவர், பேச்சை பிளாக்ஃபுட் மொழியில் தொடங்கினார். தன் அம்மா அந்த இனத்தவர் அல்ல என்றாலும், அந்த மொழியை வகுப்பறைக்குள் கொண்டுவர ஓயாமல் உழைத்ததால்தான் தனக்கு இந்த அளவாவது பேச வருகிறது என்றார். முன்பெல்லாம் பழங்குடி நடிகர்களை ஆங்கிலத்தில் பேசவைத்து, ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டி அதையே பழங்குடி மொழி என்று காட்டிவிடுவார்கள் என்பதையும் சொன்னார். அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவருடைய முதல் சில வாக்கியங்கள் ஒன்றும் புரிந்திருக்காது. அவை பிரௌனிங்கில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்காகச் சொன்னவை.